முப்பது மூடிப் பலகை

ஜனவரி 1, வியாழன்

பீர் ஏஜெண்டு கொண்டுவந்த டைரியில் ஆளுக்கு ஒன்று என்று முதலாளி எல்லாருக்கும் கொடுத்தார். "நீ என்னா எழுதப் போற?" என்று என்னைக் கேட்டார். "உங்க லட்சணத்த எழுதி வைக்கறன் மொதலாளி" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். போன மாதம் போஸ்ட் ஆபீசில் என் பேரை எழுதும்போது பாதியில் கை நின்றுவிட்டது. இருக்கிற எழுத்தும் மறந்து போகாமல் இருக்க, தோன்றும்போது நாலு வரி எழுதலாம் என்று இருக்கிறேன்.

பேர் தனகோட்டி. புதுச்சேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்தில் புருஷோத்தமன் முதலாளியின் பார். அதன் முற்றத்தில் வேப்ப மரத்தடியில் என் மீன் அடுப்பு. வீட்டுக்காரர் சாராயத்தில் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆயிற்று. மகளைக் கடலூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. இப்போது எனக்கு மீனும் வாயும்தான். மீன் வாங்க வருகிறவனை நாலு வார்த்தை கிண்டல் பண்ணி அனுப்பினால் அடுத்த தட்டுக்கும் என்னிடமே வருவான். தடவிக் கொடுத்தால் வரமாட்டான். ஆம்பளைகள் அப்படித்தான்.

ஜனவரி 3, சனி

சனிக்கிழமை என்றால் டைம் கீப்பர் ஆதிமூலம் வருவார். பஸ் ஸ்டாண்டில் பிரைவேட் பஸ்களுக்கு நேரம் பார்த்து விசில் அடித்துக் கிளப்பிவிடுகிற வேலை. ஐம்பது தாண்டியிருக்கும். வாரத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு பாட்டில். கொக்குப் படம் போட்ட பழைய பீர். வேறு எதையும் தொடமாட்டார்.

மற்றவர்கள் குடிக்கிற வேகத்தில், மூடி கீழே விழுந்து உருண்டு நிற்பதற்குள் பாதி பாட்டில் உள்ளே போயிருக்கும். இவருக்கு சப்ளையர் ஏகாம்பரம் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தால், உடனே திறக்க விடமாட்டார். குளிர் கொஞ்சம் இறங்கட்டும் என்று அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பழைய பேப்பரை மடித்து அதன்மேல் டம்ளர். டம்ளரைச் சாய்த்து ஓரமாக ஊற்றுவார். நுரை இரண்டு விரல் நிற்க வேண்டும். அது இறங்குகிற வரை என் அடுப்புப் பக்கம் பார்ப்பார். அப்புறம் ஒரு வாய். அதை வாயிலேயே வைத்திருந்து மெதுவாக உள்ளே விடுவார்.

"என்னா டைம் கீப்பரே, பீர் குடிக்கறீங்களா, கஷாயம் குடிக்கறீங்களா? கொக்கு கூட மீனப் பாத்தா சட்டுனு கொத்திடும்" என்றேன்.

"கொத்திட்டா அப்புறம் அதுக்கு என்னா வேல இருக்குது தனகோட்டி" என்றார்.

எதிர்த்துப் பேசாத ஆளைக் கிண்டல் பண்ணுவதில் ஒரு குறை உண்டு. எனக்குத்தான் வாய் வலிக்கும்.

ஜனவரி 6, செவ்வாய்

முதலாளி கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கிவிட்டார். உள்ளே முப்பது தினுசு பீர். கறுப்பு, கோதுமை, ஆரஞ்சுத் தோல் போட்டது, டின், குட்டி பாட்டில், சாமியார் படம் போட்டது. எல்லாத் தினுசையும் முடிக்கிறவன் பேரில் ஒரு பலகை. ஒவ்வொன்று முடித்ததும் அதன் மூடியைப் பலகையில் வைத்து ஆணி அடிக்க வேண்டும். டின் என்றால் அதன் வளையத்தை அடிக்கலாம். முப்பதும் அடித்தவன் போட்டோவை கல்லாவுக்கு மேல் பிரேம் போட்டு மாட்டுவாராம்.

"சாமி படத்துக்குப் பக்கத்துலயா மொதலாளி?" என்றேன்.

"அதுக்கு மேல" என்றார்.

ஜனவரி 10, சனி

மெட்ராஸ் பையன்கள் எட்டு பேர் வந்தார்கள். ஒவ்வொரு பாட்டிலையும் போட்டோ எடுத்தார்கள். ஒருவன் மோந்து பார்த்து "வாழைப்பழம் வருதுடா" என்றான். "வாழைப்பழம் வேணும்னா எதிர்க் கடையில சீப்பே தொங்குது அண்ணா" என்றேன். பாதி பாதி குடித்து மீதியை வைத்துவிட்டு அடுத்ததைத் திறந்தார்கள். நல்ல பிள்ளைகள். வஞ்சிரம் நிறைய போயிற்று.

அவர்கள் வருவதற்கு முன்பே, வெயில் இருக்கும்போதே ஒன்று நடந்தது. முதலாளி அடுப்பண்டை வந்து நின்றார். "அந்த மூல டேபிள்ல நாலு பேர் ஒக்காரலாம். சனிக்கிழம எடம் இல்லாம கூட்டம் திரும்பிப் போவுது. இந்த டைம் கீப்பரு ஒத்த பாட்டில வெச்சிக்கிட்டு தவம் பண்றாரு. எங்கப்பா காலத்து ஆளு, நான் எழுந்திருன்னு சொல்ல முடியாது. உன் வாயால எதுனா பண்ணு. இல்லனா வேப்ப மரத்தடியிலதான் நான் டேபிள் போடணும்."

வேப்ப மரத்தடி என்றால் என் அடுப்பு.

சுண்டல் தட்டை எடுத்துக்கொண்டு ஆதிமூலத்திடம் போனேன். "எத்தன வருஷமா இதயே குடிக்கறீங்க. உள்ள முப்பது தினுசு வந்து நிக்குது, ஒண்ணத் தொட்டுப் பாக்கக் கூடாதா?"

"தினுசு மாத்திக் குடிக்கற பசங்க பஸ்ஸு மாறி மாறி ஏறுறாங்க. ஏறனதும் எறங்கனதும்தான் அவங்களுக்குத் தெரியும். நான் ஒரே பஸ்ல சன்னலோரமா ஒக்காந்து போறன். ரோட்டுல ஒரு புளியமரம் வந்தா அது வர்றது எனக்குத் தெரியுது."

"உங்க பஸ்ஸு எந்த ஊருக்குத்தான் போவுது?"

அவர் சிரித்துவிட்டு, கழுவி வைத்திருந்த இன்னொரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றி என் பக்கம் தள்ளினார். இத்தனை வருஷம் இங்கே மீன் வறுக்கிறேன், ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. அக்கம் பக்கம் யாரும் இல்லை.

"முழுங்காத. வாயிலயே வெச்சிரு. கசக்கும். கசப்பு போவட்டும், இரு."

வைத்திருந்தேன். கசந்தது. அப்புறம் வேறு என்னவோ வந்தது. கழுநீர் என்று சொல்லித் துப்பிவிட்டு அடுப்புக்கு வந்துவிட்டேன்.

ராத்திரி படுக்கும்போதும் வாயில் ரொட்டி சுடுகிற வாசனை இருந்தது. ஏப்பம்தான்.

ஜனவரி 13, செவ்வாய்

போகிக்கு முதல் நாள். பாத்திரம் எல்லாம் புளி போட்டுத் தேய்த்தேன். ஒரு பெண் வந்து மீன் வாங்கினாள், ஆனால் போகவில்லை. ஆதிமூலத்தின் தங்கை பூங்காவனமாம். அவர் அவள் வீட்டில்தான் இருக்கிறார்.

"அக்கா, எங்கண்ணன் முன்ன எப்படிக் குடிச்சாருன்னு உங்களுக்குத் தெரியாது. காலையில பல்லு வெளக்கறதுக்கு முன்ன ஆரம்பிப்பாரு. அண்ணி புள்ளயத் தூக்கிக்கிட்டு விழுப்புரம் போனவங்கதான். ஆஸ்பத்திரியில ஈரல் பாதி போச்சுன்னு சொன்னாங்க, இனிமே சொட்டு கூடாதுன்னாங்க. இவரு என்னா சொன்னாரு தெரியுமா, ஒரேயடியா விட்டா என்னைத் தேடிக்கிட்டு வரும், வாரத்துக்கு ஒண்ணு வெச்சிக்கறன், அதோட பேசித் தீத்துக்கறன்னாரு. அந்த ஒண்ணுலதான் ஆளு நிக்குது. ரெண்டாவதத் தொட்டா அவ்ளோதான்க்கா. இங்க புதுசா பலகை கிலகைன்னு என்னவோ நடக்குதாமே. நீங்க கிண்டல் பண்ணுவீங்கன்னு சொல்லி சிரிப்பாரு. அவர உசுப்பி விட்டுடாதீங்க."

"என்னைப் பத்தி வீட்டுல சொல்றாரா?"

"சனிக்கிழம வந்தா உங்க பேச்சுதான்."

"கவலப்படாத பூங்காவனம். உங்கண்ணன் நத்தை. நத்தைய யாரு ஓட வைக்க முடியும்?" என்று சொல்லி, ஒரு துண்டு மீன் கூடவே வைத்துக் கொடுத்தேன்.

ஜனவரி 17, சனி

காணும் பொங்கல். கூட்டம் இன்னும் வடியவில்லை. நிற்க இடமில்லை. ஆதிமூலம் மூலையில் பாட்டிலைத் திறக்காமலே பார்த்துக்கொண்டிருக்கிறார். முதலாளி என்னைப் பார்க்கிறார். அப்புறம் வேப்ப மரத்தைப் பார்க்கிறார்.

கரண்டியைத் தட்டில் தட்டினேன். எல்லாரும் திரும்பினார்கள்.

"ஏம்ப்பா, பலகைக்கு ஆளே இல்லயா? எங்க டைம் கீப்பரு இருக்காரு. ஊரு பஸ்ஸெல்லாம் கெளப்பி விடுவாரு, அவரு வண்டி மட்டும் ஷெட்ட விட்டே வராது."

சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அத்தோடு விட்டிருக்கலாம். கூட்டம் சிரித்துவிட்டால் எனக்கு நாக்கு நிற்காது.

"டைம் கீப்பரே, முப்பதையும் முடிச்சி மூடி அடிங்க. முப்பதாவது பாட்டிலுக்கு நானே எதிர்ல வந்து ஒக்கார்றன். உங்க மாதிரியே பொறுமையா, ஒரு பாட்டில் தீர்ற வரைக்கும். வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் நான் எந்த ஆம்பளைக்கும் எதிர்ல ஒக்காந்ததில்ல."

விசில் காதைப் பிளந்தது. ஒரு பையன் டேபிள்மேல் ஏறிக் கைதட்டினான்.

ஆதிமூலம் சிரிக்கவில்லை. "நெஜமாவா?" என்றார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"தனகோட்டி சொன்னா சொன்னதுதான்" என்று நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

கையில் இருந்த கொக்கு பாட்டிலை ஏகாம்பரத்திடம் திருப்பிக் கொடுத்தார். "இது கடைசியில வரட்டும். மொதல்ல என்னா இருக்குது?" என்றார். மெட்ராஸ் பையன்கள் அவரைத் தோளில் தூக்காத குறையாக உள்ளே கூட்டிப் போனார்கள். மூலை டேபிளில் நாலு பேர் உட்கார்ந்தார்கள். முதலாளி என் பக்கம் பார்த்துத் தலையாட்டினார்.

இரண்டு மூடி அடித்துவிட்டுத்தான் போனார்.

ஜனவரி 18, ஞாயிறு

ஆதிமூலம் வந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து நான் பார்த்ததில்லை.

ஜனவரி 22, வியாழன்

நெத்திலி கிடைக்கவில்லை. மத்தி வாங்கி ஒப்பேற்றினேன்.

ஏகாம்பரம் ஒரு கேள்வி கேட்டான். "ஏன்க்கா, கல்லூரிப் பையன்ல இருந்து கெழவன் வரைக்கும் எல்லாரயும் அண்ணான்ற. அவர மட்டும் டைம் கீப்பரேன்ற?"

"அவரு டைம் கீப்பர்தானே."

"ஆமா, நான் கூட சப்ளையர்தான். என்ன அண்ணான்னுதான் கூப்புடற."

"நீ கரி அள்ளிக் கொட்டுடா அண்ணா" என்றேன்.

பலகையில் இப்போது பத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. இன்னும் டம்ளரைச் சாய்த்துத்தான் ஊற்றுகிறார். பேப்பர் மடிப்பதில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். வள்ளலார் நாள், கடை மூட உத்தரவு. அடுப்புக்கு மண் பூசலாம் என்று போனேன். பூட்டிய கேட்டுக்கு முன்னால் ஆதிமூலம் நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் வேர்வை. வெயிலே இல்லை.

"என்னா, சாமி பாக்க வந்தீங்களா?"

"கடை தொறப்பாங்களா?"

"ஜோதி பாக்க வடலூர் போங்க. இங்க இன்னிக்கு அடுப்பு கூட எரியாது."

அதற்குச் சிரிக்க வேண்டும். அவர் கேட்டின் பூட்டைப் பார்த்தார். கை இரண்டையும் அக்குளில் சொருகிக்கொண்டிருந்தார். நடுக்கத்தை அப்படித்தான் மறைப்பார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் நிற்பார். குளிருக்கும் அப்படி நிற்கிறவர்கள் உண்டு.

பிப்ரவரி 7, சனி

நல்ல வியாபாரம். ஆதிமூலம் வந்தாலே கூட்டம் சேருகிறது. யாராவது ஒருவர் அவருக்கு அடுத்த தினுசை வாங்கித் தருகிறார்கள். ஒவ்வொரு மூடிக்கும் சுத்தியல் சத்தம், கைதட்டல். நான் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு சொல் எடுத்துவிடுவேன். "அடிங்க, அடிங்க. கல்யாணப் பந்தலுக்கு இன்னும் பன்னெண்டு கால்தான் பாக்கி" என்றேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்த ஆட்கள் உண்டு.

அவர் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை முழி மஞ்சளாக இருந்தது. அடுப்படியில் மஞ்சள் பல்பு.

பிப்ரவரி 11, புதன்

முதலாளி முற்றத்துக்கு வெள்ளை ட்யூப்லைட் போட்டார். நல்ல வெளிச்சம், மீன் நன்றாகத் தெரிகிறது.

ஆதிமூலம் மஞ்சள் சட்டை போட்டு வந்திருந்தார். கண்ணில் தெரிவது சட்டை நிறமாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 13, வெள்ளி

இன்று வெள்ளைச் சட்டை.

பிப்ரவரி 17, செவ்வாய்

கடலூர் பஸ்ஸைக் கிளப்ப வேண்டிய நேரத்தில் விழுப்புரம் பஸ்ஸுக்கு விசில் அடித்துவிட்டாராம். இரண்டு டிரைவரும் நடு ஸ்டாண்டில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். விசிலை வாங்கிக்கொண்டு ஆதிமூலத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குப் போகவில்லை, நேராக இங்கே வந்தார். பகல் பன்னிரண்டு மணி.

"விசில் போனா போவட்டும். எங்க வீட்டு குக்கர் விசில் தரன்" என்றேன்.

ஏகாம்பரம் சிரிக்கவில்லை. அவனுக்கு இப்போதெல்லாம் என்னவோ ஆகிவிட்டது.

சாயங்காலம் பூங்காவனம் வந்தாள். உள்ளே வரவில்லை. வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று, "வேணாம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. வேற யாரு சொன்னாலும் கேக்கமாட்டாரு. பந்தயம் இல்லன்னு சொல்லிடுங்க. நான் வரமாட்டன், ஒக்காரமாட்டன்னு சொல்லிடுங்க" என்றாள்.

"சொன்னா கேப்பாரா?"

"நீங்க சொன்னா கேப்பாரு."

எண்ணெய் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது. "பாக்கறன்" என்றேன்.

பிப்ரவரி 18, புதன்

சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அவர் வந்ததும், "டைம் கீப்பரே, ஒண்ணு சொல்லணும்" என்றேன். "இன்னும் அஞ்சுதான் தனகோட்டி" என்றார். விரலை விரித்துக் காட்டினார். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

கொடுவா மீன் காத்திருந்தது. அப்புறம் கூட்டம் வந்துவிட்டது.

அஞ்சு என்பது ஒரு பெரிய எண்ணிக்கையும் இல்லை. இருபத்தஞ்சு குடித்த ஆளுக்கு இன்னும் அஞ்சில் என்ன வந்துவிடப் போகிறது.

பிப்ரவரி 24, செவ்வாய்

கால் வீங்கி இருக்கிறது. செருப்பு போட முடியாமல் வெறுங்காலோடு வந்தார். "மாப்பிள்ள நடை" என்றேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

கொக்கு மட்டும்தான் பாக்கி. நாளைக்குச் சனிக்கிழமை. "நம்ம கிழம" என்று அவரே சொன்னார். முதலாளி போர்டு எழுதி வாசலில் வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து புடவை எல்லாம் துவைத்துப் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 28, சனி

எல்லாப் புடவையும் ஈரம், அதனால் மகள் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டேன். ஏகாம்பரம் பெண்டாட்டி மல்லிகை கட்டி அனுப்பியிருந்தாள். வாடி வீணாய்ப் போகும் என்று வைத்துக்கொண்டேன். "அக்கா மீன் வாசனையே காணமே" என்று ஒருவன் கேட்டான். "உன் மூக்கு இன்னிக்குத்தான் வேல செய்யுது" என்றேன்.

ஏகாம்பரத்திடம் கொக்கு பாட்டில் இரண்டை ஃபிரிட்ஜிலிருந்து முன்கூட்டியே எடுத்து வெளியில் வைக்கச் சொன்னேன். சோப்பு வாசனை வரக் கூடாது என்று இரண்டு டம்ளரையும் வெறும் தண்ணீரில் நானே கழுவிக் கவிழ்த்தேன். மூலை டேபிளைத் துடைத்தேன். பேப்பர் மடித்து வைத்தேன், எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று.

முற்றம் கொள்ளாத கூட்டம். அவரைப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் போய் உட்கார்ந்தேன். எல்லாரும் கத்தினார்கள். முதலாளி போனைத் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்தார். எனக்கு முகம் எரிந்தது. அடுப்பை விட்டு வந்ததும் அப்படித்தான் இருக்கும்.

"இன்னிக்கு நான் ஊத்தறன்" என்றேன். அவர் செய்வது போலவே டம்ளரைச் சாய்த்து ஓரமாக ஊற்றினேன். நுரை சரியாக இரண்டு விரல் நின்றது. நுரை இறங்கட்டும் என்று நான் கையை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து அப்படியே வாயில் கவிழ்த்தார். நுரை மூக்கில் ஏறிற்று. துடைக்கவில்லை. பாட்டிலை எடுத்து மீதியையும் நேராகத் தொண்டையில் விட்டார். எத்தனை நேரம்? ஒருவன் தும்மி முடிக்கிற நேரம். பாட்டிலை டேபிளில் வைத்தார். என் தலைக்கு மேலாகக் கண்ணாடி ஃபிரிட்ஜைப் பார்த்தார்.

"ஏகாம்பரம், அடுத்தது என்னா இருக்குது?"

என் டம்ளரில் நுரை இன்னும் இறங்கவில்லை.

"ருசி எப்படி இருந்திச்சி?" என்று கேட்டேன்.

"எது?" என்றார்.

ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது. நான் எழுந்து நின்று, "முப்பது பஸ்ஸு மாறி ஏறுன ஆளுக்கு சொந்த ஊரு வந்ததே தெரியலப்பா" என்றேன். கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள். அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். நன்றாகத்தான் சொன்னேன்.

கொக்கு மூடியை அடிக்க அவரால் சுத்தியல் பிடிக்க முடியவில்லை. முதலாளிதான் அடித்தார்.

என் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு, ஆற அமர ஒரு வாய் பார்க்கலாம் என்று நினைத்தேன். திரும்பினால் டம்ளர் காலி. அவர்தான், அடுப்பண்டை நின்று வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் பூவையோ புடவையையோ பார்க்கவில்லை. அவர் பார்க்க வேண்டும் என்று கட்டியதும் இல்லை.

மார்ச் 3, செவ்வாய்

மாசி மகம். கடலுக்குத் தீர்த்தவாரி பார்க்கப் போகவில்லை, இடுப்பு வலி.

கல்லாவுக்கு மேல் போட்டோ மாட்டியாயிற்று. ஆதிமூலம் வாய் கொள்ளாமல் சிரிக்கிறார். கண் மட்டும் ஃபிரிட்ஜ் பக்கம் இருக்கிறது. ஓரத்தில் என் தோளும் பூவும்.

மார்ச் 9, திங்கள்

ஒவ்வொரு டேபிளாகப் போய் மிச்சம் வைத்த டம்ளர்களை எடுத்துக் குடிக்கிறார். எந்தத் தினுசு என்று பார்ப்பதில்லை. மெட்ராஸ் ஆட்கள் அருவருப்புப் பட்டார்கள். முதலாளி ஏகாம்பரத்தை விட்டு அவரை வெளியே கொண்டுபோய் விடச் சொன்னார். கேட்டண்டை ஏகாம்பரம் அவர் கையை விடாமல் நின்றுகொண்டிருந்தான். முதலாளி கத்தின பிறகுதான் விட்டான்.

என்னைப் பார்த்து, "தனகோட்டி, ஒரு வார்த்த சொல்லு" என்றார் ஆதிமூலம்.

எத்தனையோ வாயில் வரும். இன்றைக்கு ஒன்றும் வரவில்லை. எண்ணெய் தெறித்துக் கையில் சுட்டுவிட்டது, அதனால்.

மார்ச் 15, ஞாயிறு

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். ரத்த வாந்தி. ஏகாம்பரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "நீ போவலயாக்கா?" என்றான்.

"ஞாயித்துக்கிழம அடுப்ப யாரு பாக்கறது?"

மார்ச் 16, திங்கள்

திங்கட்கிழமை கூட்டம் இல்லை. இருந்தாலும் அடுப்பைத் தனியே விட முடியாது.

மார்ச் 19, வியாழன்

ஆதிமூலம் காலையில் போய்விட்டார்.

சங்கரா இன்று நல்ல விலை.

மார்ச் 21, சனி

பூங்காவனம் வந்தாள். இன்றைக்கு முதல்முறையாகப் பாருக்குள்ளே போனாள். முதலாளியிடம் அந்தப் போட்டோவைக் கேட்டாள். வீட்டில் அவர் போட்டோ எதுவும் இல்லையாம். காரியத்துக்கு மாலை போட ஒன்று வேண்டும், இருப்பது சிரித்த முகமாக இது ஒன்றுதானாம். முதலாளிக்கும் நிம்மதி. செத்தவன் சிரித்துக்கொண்டு தொங்கினால் யார் குடிப்பான் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரேமோடு கழற்றிக் கொடுத்தார்.

அவள் அதை என் அடுப்பு வெளிச்சத்தில் நின்று பார்த்தாள். கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"நல்லா விழுந்திருக்குது இல்ல" என்றேன்.

"ஸ்டுடியோவுல சொல்லியிருக்கறன். இந்த ஓரத்த வெட்டிடுவாங்க" என்றாள். போட்டோவில் இருக்கிற என் தோள்மேல் விரலை வைத்துக் காட்டினாள். அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. நான் எடுத்து வைத்த மீனை வாங்காமல் போனாள்.

மூலை டேபிளில் ஆறு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வேப்ப மரத்தடியில் என் அடுப்பு அப்படியேதான் இருக்கிறது. முதலாளி சொன்ன சொல் தவறமாட்டார்.

மார்ச் 23, திங்கள்

ஆதிமூலத்தின் பலகையை முதலாளி குப்பையில் போடச் சொன்னார். நல்ல தேக்கு. ஏன் வீணாக்க வேண்டும்? மீன் செதில் தேய்க்க பாட்டில் மூடி அடித்த கட்டைக்கு மேல் ஒன்று கிடையாது. என் பழைய கட்டை தேய்ந்து போய்விட்டது.

ஏகாம்பரத்தை ரம்பம் எடுத்து வரச் சொல்லி, கைக்கு அடக்கமாக அடித் துண்டை மட்டும் அறுத்துக் கொடுக்கச் சொன்னேன். கடைசி அஞ்சு மூடி இருக்கிற துண்டு. "உனக்கு மனசே இல்லயாக்கா" என்று கேட்டுக்கொண்டே அறுத்தான். பெயர் எழுதின மேல் பாதியை அடுப்பில் வைத்தேன். பெயிண்ட் இருந்ததால் சட்டென்று பிடித்துக்கொண்டது. ஒரு சட்டி எண்ணெய் அதிலேயே காய்ந்தது.

மூடியில் ஒரு சங்கடம். பலகையில் அழகுக்கு அடித்ததால் படம் வெளியே தெரிகிறது, பல் உள்ளே இருக்கிறது. செதிலுக்குப் பல்தான் வெளியே இருக்க வேண்டும். ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, திருப்பி வைத்து அடித்தேன். சாமியார் படம். கறுப்பு. ஆரஞ்சுத் தோல். நட்சத்திரம் போட்டது, இதை அடிக்கும்போது அவர் பெருவிரலில் சுத்தியல் பட்டு ரத்தம் வந்தது. நான் கூட என்னவோ சொல்லிச் சிரிக்க வைத்தேனே.

மார்ச் 24, செவ்வாய்

இன்று கொடுவா வந்தது. கொடுவாச் செதில் காசு காசாக இருக்கும், லேசில் போகாது. புதுக் கட்டையால் தேய்த்தேன். சரசரவென்று பறந்தது. மயிரில் எல்லாம் ஒட்டிக்கொண்டது. "அக்கா வெள்ளி ஜிமிக்கி போட்டுக்கிட்டு வந்திருக்குது" என்றான் ஒருவன். "உங்கம்மா போட்ட சீர்டா" என்றேன். சிரித்தார்கள்.

அஞ்சு மூடியில் ஒன்றைத் திருப்பவில்லை. அந்தக் கொக்கு. முதலாளி அடித்தது, ஆணி கெட்டியாக இறங்கியிருக்கிறது, நெம்ப வரவில்லை. படம் மேலே பார்த்தபடி அப்படியே இருக்கிறது.

அது படுகிற இடத்தில் மட்டும் செதில் போகாமல் ஒரு கோடு நிற்கிறது. ஒவ்வொரு மீனிலும் நிற்கிறது. அதைக் கத்தியால் தனியாகச் சுரண்டி எடுக்கிறேன். கொஞ்சம் நேரம் பிடிக்கிறது.